‘உபயம்’ போடாத பக்கங்கள்

நம் ஊர்க் கோயில்களில் ஒரு ட்யூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘உபயம்: இன்னார், இன்ன கடை, இன்ன ஊர்’ என்று லைட் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுத்து மறைத்தது போக மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் சாமி கும்பிட வேண்டும். நாமும் கேலி பேசிச் சிரித்திருப்போம். ஆனாலும் அந்த லைட்டில் ஒரு நேர்மை இருக்கிறது, நண்பர்களே! யார் கொடுத்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எரியாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரியும்.

நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் இதற்கு நேர் எதிர். அறுபது பக்கம் இருக்கும். தங்க எழுத்தில் அட்டை, உள்ளே வழவழப்பான தாள். அந்த அறுபதில் நாற்பத்தைந்து பக்கம் யாரோ கொடுத்தது. ‘உபயம்’ மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது.

இயந்திரவியல் துறையில் கடைசி வருட மாணவர்களின் ரிப்போர்ட்டுகளை வருடா வருடம் உட்கார்ந்து படிக்கிற வேலை எனக்கு. மலர்க் குழுத் தம்பிகள் வந்து, “ஏதாவது பயனுள்ளதா எழுதிக் குடுங்க சார்” என்று கேட்டபோது அதனால்தான் வேறு தலைப்பு தேடவில்லை. அடுத்தவர் எழுதியதை, அடுத்தவர் கண்டுபிடித்ததை நாம் எடுத்து எழுதும்போது அதை எப்படிச் சொல்லி எழுதுவது? இது சிலபஸில் இல்லை, பரீட்சையிலும் வராது. ‘பிறர் பொருளை எடுப்பது தவறு’ என்ற நீதிபோதனையை நீங்கள் மூன்றாம் வகுப்பிலேயே கேட்டாயிற்று. அதை மறுபடி சொல்ல நான் வரவில்லை. இன்ஜினியரிங் பாடமாகவே இதைப் பார்ப்போம்.

ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம்

சில வருடங்களுக்கு முன் ஒரு குழு, விடுதி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பைப் லைனை டிசைன் செய்தது. யார், எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். 50 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், நீளம் 200 மீட்டர், தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர், ஏற்ற வேண்டிய உயரம் 15 மீட்டர். உராய்வினால் எவ்வளவு ‘ஹெட்’ வீணாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 24 மீட்டர் என்று விடை. அதாவது 15 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு, பைப்புக்குள் உராய்வுக்காக மட்டும் 24 மீட்டர்! பார்த்த உடனே உறுத்த வேண்டாமா?

சூத்திரத்தைப் பார்த்தேன். நம் டிப்ளமோ புத்தகங்கள் பலவற்றில் உள்ள ‘நான்கு எஃப்-எல்-வி ஸ்கொயர் பை டூ-ஜி-டி’தான். தப்பில்லை. எஃப் மதிப்பு 0.03 என்று போட்டிருந்தது.

“இந்த 0.03 எங்கேயிருந்து வந்தது?”

“சீனியர் ரிப்போர்ட்ல இருந்தது சார்.”

“அவங்க எங்கேயிருந்து எடுத்தாங்க?”

“அவங்க... அவங்க சீனியர் ரிப்போர்ட்ல சார்.”

நூலகத்தில் போய்ப் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தோம். மூன்று வருடத்துக்கு அதே எண், அதே இடத்தில். எதிலும் அது எந்தப் புத்தகத்தில் எடுத்தது என்று ஒரு வரி இல்லை.

விஷயம் என்னவென்றால், எஃப் என்ற அந்த ஒற்றை எழுத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. ‘நான்கு எஃப்’ என்று எழுதும் புத்தகங்களில் அது உராய்வுக் கெழு. ஃபேனிங் பெயரால் சொல்வார்கள். வேறு புத்தகங்களில் முன்னால் நான்கு இருக்காது, வெறும் எஃப்தான். அது டார்ஸி பெயரால் சொல்லப்படும் உராய்வுக் காரணி. இரண்டாவது, முதலாவதைப் போலச் சரியாக நான்கு மடங்கு. 1944-ல் மூடி என்பவர் வெளியிட்ட வரைபடம் இன்றைக்கும் எல்லாப் புத்தகத்திலும் ஜெராக்ஸ் ஆகி வந்துகொண்டிருக்கிறதே, அதில் உள்ளது டார்ஸி எஃப். கோல்புரூக் 1939-ல் கொடுத்த சமன்பாட்டை வைத்துப் போட்ட படம் அது. நம் பையன்களின் பைப்புக்கு அந்தப் படத்தில் பார்த்தால் 0.029 பக்கம் வருகிறது. ஆகவே 0.03 என்ற எண்ணில் குற்றமில்லை. சூத்திரத்திலும் குற்றமில்லை. ஒரு வீட்டு மாப்பிள்ளையையும் இன்னொரு வீட்டுப் பெண்ணையும் ஜாதகம் பார்க்காமல் சேர்த்து வைத்ததுதான் குற்றம்! உண்மையான இழப்பு 6 மீட்டர்தான்.

மொத்த ஹெட் 21 மீட்டர் என்பது 39 ஆகிவிட்டது. பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1.5 ஹெச்.பி. மோட்டார் தாராளமாகப் போதும் என்கிற இடத்தில் 2 ஹெச்.பி.யே இழுத்துப் பறிக்கும், 3 ஹெச்.பி. வாங்கச் சொல்லும். தண்ணீர் என்னவோ வரும். கரண்ட் பில்லும் வரும். இதே தப்பு திருப்பி நடந்தால் நிலைமை இன்னும் மோசம். நான்கு இல்லாத சூத்திரத்தில் ஃபேனிங் எண்ணைப் போட்டிருந்தால், இழப்பு ஒன்றரை மீட்டர் என்று விடை வந்திருக்கும். அதை நம்பி வாங்கிய பம்பில் தண்ணீர் எதிர்பார்த்த அளவு மாடிக்கு ஏறாது.

முதலில் எழுதிய குழு, ‘எஃப் மதிப்பு மூடி வரைபடத்தில் எடுத்தது, இன்ன நூல், இன்ன பக்கம்’ என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும். அடுத்த குழுவில் யாராவது ஒரு பையன் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பான். ‘இங்கே நான்கைக் காணோமே’ என்று கேட்டிருப்பான். ‘உபயம்’ போடுவது கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். பின்னால் வருகிறவன் சரிபார்க்க ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம்.

சிவில் துறையினர் சிரிக்க வேண்டாம், உங்களிடமும் உண்டு. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்று எழுதிவிட்டு நகர்ந்து விடுகிறீர்கள். எந்த வருடத்து 456? 1978 பதிப்பில் வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம் 15 கலவையை ஒத்துக்கொண்டார்கள். 2000-ல் வந்த பதிப்பு, எம் 20-க்குக் குறையக் கூடாது என்றது. யாரோ பழைய ரிப்போர்ட்டில் எழுதிய எம் 15-ஐ எடுத்து, ‘ஐ.எஸ். 456-ன்படி’ என்று சேர்த்து எழுதினால், அது பாதி உண்மை. வருடத்தையும் சேர்த்தால்தான் அந்த விதியின் பெயரே முழுமையாகும்.

கீரையில் இரும்பு

இது நம் கல்லூரிப் பிள்ளைகளின் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களையே ஆட்டி வைத்த கதை ஒன்று இருக்கிறது.

கடையில் பாலக் என்று விற்கிறார்களே, அந்தக் கீரையில் இரும்புச் சத்து அபாரம் என்று உலகமே நம்பியது. 100 கிராம் பச்சைக் கீரையில் இருப்பது சுமார் 3 மில்லிகிராம்தான். பிறகு இந்த நம்பிக்கை எப்படி வந்தது? 1981-ல் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர், ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு விளக்கம் எழுதினார். முந்தைய நூற்றாண்டில் யாரோ ஓர் ஆய்வாளர் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டுவிட்டார், அதனால் மூன்று முப்பதாகிவிட்டது என்றார். எவ்வளவு அழகான கதை! வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் கேட்கும். ஆசிரியர்கள் சொன்னார்கள், புத்தகங்கள் எழுதின, ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எடுத்துப் போட்டன. “பார்த்தீர்களா, ஒரு புள்ளியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்!” என்று கவனத்துக்கு உதாரணமாகவே இதைச் சொன்னார்கள்.

ஆனால் ஹாம்ப்ளின் அந்தக் கட்டுரையில் இந்தக் கதைக்கு ஆதாரம் எதையும் தரவில்லை. 2010-ல் மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒருவர்தான் விடாமல் பின்னால் போய்த் தேடினார். புள்ளி தவறியதற்கு எந்தச் சான்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2014-ல் நார்வேயைச் சேர்ந்த ரெக்டால் என்பவர் இதையே எடுத்துக்கொண்டு, மூலத்தைப் படிக்காமலே மூலத்தைக் குறிப்பிடுகிற பழக்கம் கல்வி உலகில் எப்படிப் பரவுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கதையை எடுத்துப் போட்டவர்களில் பலர் பெயர் சொல்லித்தான் போட்டார்கள். ‘ஹாம்ப்ளின், 1981’ என்று ஒழுங்காகக் குறித்தவர்கள் இருக்கிறார்கள். அது போதவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘இவர் யாரைக் கேட்டு எழுதினார்?’ என்று பார்த்தவர்கள் அபூர்வம். சிலரோ, வேறு யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, தாங்களே மூலத்தைப் படித்த மாதிரி அடிக்குறிப்புப் போட்டார்கள். மற்றவர் வழியாகப் படித்தால் ‘இன்னார் நூலில் மேற்கோளாகக் கண்டது’ என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதுவதில் ஒரு அவமானமும் இல்லை.

நம் ரிப்போர்ட்டுகளின் கடைசிப் பக்கம் எனக்கு இதைத்தான் நினைவூட்டும். ‘பிப்ளியோகிராஃபி’ என்று தலைப்பு. கீழே ஆறு புத்தகம். போன வருட ரிப்போர்ட்டில் இருந்த அதே ஆறு, அதே வரிசை, ஆசிரியர் பெயரில் அதே எழுத்துப் பிழை! அந்தப் புத்தகங்களில் இரண்டு நம் நூலகத்திலேயே கிடையாது. பிழையைக் கூட நாம் சொந்தமாகச் செய்வதில்லை.

பெயர் தெரியாவிட்டால்?

“சார், யார் எழுதினதுன்னே தெரியல. அப்புறம் எப்படிப் பேர் போடறது?” நியாயமான கேள்விதான். நம் முன்னோர்கள் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டார்கள்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு இதே சிக்கல் வந்தது. பாட்டு கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? பாட்டில் வந்த ஓர் அழகான தொடரையே எடுத்து அந்தப் புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார்... இவையெல்லாம் அப்படி வந்த பெயர்கள்தாம். தொகுத்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ‘இது என்னுடையது அல்ல, இதைச் செய்தவர் ஒருவர் இருந்தார்’ என்பதற்கு அந்தப் பெயரே அடையாளமாக நின்றுவிட்டது.

சொல்லாமல் விட்டால் பின்னால் வருகிறவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்தபோது, நச்சினார்க்கினியர் உரையோடு மல்லாடினார். உரையாசிரியர் பெரிய அறிவாளி. வரிக்கு வரி மேற்கோள் காட்டுவார். எந்த நூலின் வரி என்பதைப் பல இடங்களில் சொல்லாமல் போய்விடுவார்! அவர் காலத்தில் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஐநூறு வருடம் கழித்து அந்த நூல்களே வழக்கில் இல்லாமல் போயிருந்தன. பிறகு சங்க நூல்களின் ஏடுகள் கைக்குக் கிடைத்து, படிக்கப் படிக்கத்தான், ‘அட, அந்த வரி இங்கே இருக்கிறதே’ என்று ஐயருக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. அவர் தம் பதிப்புகளின் முன்னுரையில் ஏடு கொடுத்து உதவியவர்கள் யார், எந்த ஊர் என்று வரிசையாகக் குறித்து வைத்தார். அடுத்தவர் விட்ட குறையால் பட்ட பாடு அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளையாபதி என்று ஒரு காப்பியம், ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதன் முழு நூல் இன்று கிடையாது. கிடைத்திருக்கும் பாடல்களில் பெரும்பகுதி ‘புறத்திரட்டு’ என்ற தொகைநூலில் இருந்து வந்தது. தொகுத்தவர் எந்தப் பாட்டு எந்த நூலினது என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பாட்டு மட்டும் இருந்திருக்கும், வளையாபதி இருந்திருக்காது.

நம் மலருக்கு வரும் கவிதைகளைப் பற்றி மலர்க் குழுவினர் என்னிடம் புலம்பியதை இங்கே சொல்லாமல் விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த கவிதையைக் கீழே தன் பெயரும் வகுப்பும் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரே கவிதை இரண்டு துறைகளில் இருந்து, இரண்டு ‘கவிஞர்கள்’ பெயரில் வந்து சேர்ந்ததும் உண்டாம்! அந்தக் காலத்து மலர்களில் ‘படித்ததில் பிடித்தது’ என்று ஒரு பகுதி இருக்கும். எடுத்துக் கொடுத்தவர் பெயர் ‘தொகுப்பு’ என்று வரும். எவ்வளவு கௌரவமான ஏற்பாடு! எழுதத் தெரியாதவனுக்கும் ரசிக்கத் தெரியும் என்று அந்தத் தலைப்பு சொல்லிற்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். “பாரதியார் பாட்டெல்லாம் நாட்டுடைமை சார், யார் வேணா போடலாம்” என்று ஒரு தம்பி வாதாடினார். 1949-ல் அரசு பாரதியின் எழுத்துகளைப் பொதுவாக்கியது உண்மைதான். காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் யாரும் அச்சிடலாம். ஆனால் பாரதியின் பாட்டுக்குக் கீழே ‘இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை’ என்று போட முடியுமா? காப்புரிமை என்பது சட்டம், காசு சம்பந்தப்பட்டது, ஒரு நாள் தீர்ந்துபோகும். யார் சொன்னது என்ற கேள்விக்குக் காலக்கெடு கிடையாது. இரண்டும் வேறு வேறு.

பெயர் போட்டால் நம் மதிப்பு குறையுமா?

மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் இது. ‘எல்லாத்துக்கும் அடுத்தவன் பேரைப் போட்டா, நாம என்ன செஞ்சோம்னு கேட்பாங்களே?’

1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த சத்யேந்திரநாத் போஸ் ஒரு கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அனுப்பியவரை ஐரோப்பாவில் அதிகம் பேருக்குத் தெரியாது. பெற்றவரை உலகத்துக்கே தெரியும். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, போஸ் பெயரிலேயே வெளியிடச் செய்தார். தம்மை மொழிபெயர்த்தவர் என்று மட்டும் குறித்துக்கொண்டார். பிறகு அந்த வழியைப் பிடித்துக்கொண்டு தாம் மேலே போன ஆய்வைத் தனிக் கட்டுரையாக எழுதினார். இன்றைக்குப் ‘போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஐன்ஸ்டீனுக்கு இதில் என்ன குறைந்துபோயிற்று? போஸ் எதுவரை, தாம் எங்கிருந்து என்று கோடு தெளிவாக இருந்ததால், இரண்டு பங்கும் பளிச்சென்று தெரிந்தன.

உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான். எல்லாமே உங்களுடையது மாதிரி எழுதினால், உண்மையிலேயே நீங்கள் ராத்திரி உட்கார்ந்து செய்த நான்கு பக்கமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். வைவாவுக்கு வருகிறவருக்கு எது யாருடையது என்று தெரியாது. மொத்தத்தையும் காப்பி என்று தள்ளிவிடுவார். உழைத்த பையனுக்குத்தான் நஷ்டம்.

ஒரு வொர்க்‌ஷாப் விஷயம்

புத்தகங்களுக்கு மட்டும்தான் ‘உபயம்’ என்று இல்லை. ஒரு வருடம் ஒரு குழு, உருண்டை ஷாஃப்ட்டில் குறுக்கே துளை போட ஒரு ஜிக் செய்துகொண்டிருந்தது. வளைந்த பரப்பு. ட்ரில் முனை வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. மூன்று ஷாஃப்ட் வீணாயிற்று. பக்கத்தில் லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டர்னர் அண்ணன் வந்து பார்த்தார். “ஷாஃப்ட்ட வி-பிளாக்ல உட்கார வச்சு, மேலே ஒரு பிளேட்ல புஷ் போட்டு ட்ரில்ல அதுக்குள்ளாற விடுங்கப்பா, எங்க போகுதுன்னு பாப்போம்” என்றார். வீணாகிக் கிடந்த இரும்பில் ஒரு புஷ்ஷையும் கடைந்து கொடுத்தார். துளை நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

ரிப்போர்ட் வந்தது. ‘நாங்கள் வடிவமைத்த புஷ் பிளேட்’ என்று ஒரு தனி அத்தியாயம். நன்றியுரையில் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள், ‘மறைமுகமாக உதவிய அனைவருக்கும்’ நன்றி. அண்ணன் பெயர் இல்லை. கண்காட்சி அன்றைக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஜிக் படம் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். “நல்லா வந்திருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. புத்தகத்தில் அச்சானால்தான் ‘கருத்து’, வொர்க்‌ஷாப்பில் சொன்னால் அது வெறும் ‘ஹெல்ப்’ என்று நினைத்துவிட்டார்கள். ‘புஷ் பிளேட் யோசனை: எங்கள் பணிமனை டர்னர் திரு. இன்னார்’ என்று அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே வர வேண்டியது அது. ‘மறைமுகமாக உதவிய அனைவருக்கும்’ என்ற வரியை நான் இப்போதெல்லாம் பார்த்தாலே சிவப்பு மையில் அடித்துவிடுகிறேன்.

எப்படி எழுதுவது?

வரிக்கு வரி அப்படியே எடுத்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், பக்க எண் தாருங்கள். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் ‘சொந்த நடை’யில்தான். ‘நீர்’ என்று இருந்ததைத் ‘தண்ணீர்’ ஆக்கி, ‘ஆகவே’யை ‘எனவே’ ஆக்கினால் அது சொந்த நடை ஆகாது! புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்து அறைப் பையனுக்கு விளக்குவது போல நீங்களே எழுதிப் பாருங்கள். வருகிறதா? அதுதான் சொந்த நடை. அப்போதும் கருத்து அவருடையதுதான், ஆகவே பெயர் வர வேண்டும்.

கடைசிப் பக்கப் பட்டியல் மட்டும் போதாது. பட்டியலில் புத்தகத்துக்கு எண் கொடுத்து, உள்ளே எந்த வரிக்கு எந்தப் புத்தகம் என்று அந்த எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ஆசிரியர், நூல், எத்தனையாவது பதிப்பு, பதிப்பகம், வருடம், பக்கம். பதிப்பு மாறினால் பக்கம் மாறும், சில சமயம் எண்ணே மாறும். 456 கதையை மறக்க வேண்டாம். இணையத்தில் எடுத்தால் முகவரியோடு பார்த்த தேதியையும் எழுதுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் காணாமல் போகலாம். படத்துக்குப் படத்தின் கீழேயே எழுத வேண்டும். வரைபடத்தை நீங்களே திரும்ப வரைந்திருந்தாலும் ‘இன்ன படத்தைத் தழுவியது’ என்று போடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஐ.சி. தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் உள்ள சர்க்யூட்டை அப்படியே போட்டுவிட்டு ‘எங்கள் டிசைன்’ என்கிறீர்கள். டேட்டா ஷீட்டின் பெயரைச் சொன்னால், எந்த மின்னழுத்தம் வரை அது தாங்கும் என்று படிப்பவர் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்குமா? இல்லை. தண்ணீரின் அடர்த்தி 1000 என்பதற்கும் ஓம் விதிக்கும் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். உங்கள் வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான் என்றால் விட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாக ஒரு எண் இருப்பதால் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் வினை, சாட்ஜிபிடி மாதிரியான கருவிகள். கேட்ட மாத்திரத்தில் கட்டுரை தருகிறது, ஆதார நூல்களும் தருகிறது. அதில் சில நூல்கள் உலகத்திலேயே கிடையாது! ஆசிரியர் பெயர், வருடம், பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இதை நம்பி, இல்லாத தீர்ப்புகளைக் காட்டி மனுப் போட்டார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார், அப்படி வழக்குகளே இல்லை. 5000 டாலர் அபராதம். கருவியைப் பயன்படுத்தினால், எதற்குப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது தரும் ஒவ்வொரு நூலையும் அலமாரியிலோ, பதிப்பகத்தின் தளத்திலோ நீங்களே கண்ணால் பார்த்த பிறகு பட்டியலில் சேருங்கள்.

கடைசியாக, போன வாரம் ஒரு தம்பி கேட்டது: “சார், சீனியர் ரிப்போர்ட்லேர்ந்து எடுத்தா, அந்தச் சீனியர் பேரையுமா போடணும்?” ஆமாம், போட வேண்டும். குழுவில் இருந்தவர்கள் பெயர், ரிப்போர்ட்டின் தலைப்பு, துறை, வருடம், பக்கம். நூலகத்தில் பழைய ரிப்போர்ட்டுகளை வருடவாரியாக அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள், நூலகரைக் கேட்டால் எடுத்துத் தருவார். எடுத்த எண்ணுக்கு அந்தச் சீனியர் ஆதாரம் காட்டவில்லை என்றால், ‘மூலம் தரப்படவில்லை’ என்று பக்கத்தில் எழுதிவிட்டு, அந்த எண்ணை மட்டும் நீங்களே ஒரு தடவை புத்தகத்தில் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.